நிபந்தனைகள்: எதுவுமில்லை

டாக்டர் பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டார் வாயெல்லாம் பல்லாகத்தான் வருவார்கள். என் விஷயத்தில் அந்தப் பல் ஒரே ஒரு கேள்வி வரைக்கும்தான் தெரியும்.

"எந்த டாக்டர்?" என்று கேட்பார்கள்.

வாப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில" என்பார்.

"அது சரி. எதுக்கு டாக்டர்? குழந்தைங்களுக்கா, பொம்பளைங்களுக்கா?"

"எல்லாருக்கும்தான்."

பொய் என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும்தான் பார்க்கிறேன். செத்த பிறகு.

நான் சட்ட மருத்துவர். பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், லிஃப்டை விட்டு இறங்கி இடது பக்கம் திரும்பினால், அதற்கு மேல் வழியை மூக்கே சொல்லிவிடும். பதினான்கு குளிர்பெட்டி, இரண்டு மேஜை, ஒரு தராசு, எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய். விபத்து, விஷம், தூக்கு, தண்ணீரில் மிதந்தது, வீட்டுக்காரர் "படியில வழுக்கி விழுந்துட்டா" என்று சொன்னது, எல்லாம் என்னிடம்தான் வரும். படியில் விழுந்தவளின் கழுத்தில் விரல் அடையாளம் எப்படி வந்தது என்று எழுதுவது என் வேலை. எழுதியதைக் கோர்ட்டில் நின்று சொல்வதும் என் வேலை. எங்கள் தொழிலில் எழுதாதது நடக்கவே இல்லை. எவ்வளவு பெரிய உண்மையாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் இல்லை என்றால் வக்கீல் சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லிவிடுவார்.

எங்கள் ஆட்களின் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மய்யித்தைக் குளிப்பாட்டினால் நன்மை, கஃபன் துணி போர்த்தினால் நன்மை, தோள் கொடுத்தால் நன்மை. அதே மய்யித்து எப்படிச் செத்தது என்று கண்டுபிடித்துச் சொன்னால் மட்டும் மாப்பிள்ளை கிடைக்காது.

கிடைக்கவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. இரண்டு தடவை கிடைத்துப் போயிருக்கிறது.

முதல் இடத்தார் நிச்சயம் முடிந்த பத்தாம் நாள், மருமகள் வேலை செய்கிற அழகைப் பார்க்கலாம் என்று பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். வரவேற்பில் என் பெயரைச் சொல்ல, அந்தப் பெண் கையைக் கீழ்ப்பக்கம் காட்டியிருக்கிறாள். பிணவறை வாசல்வரை வந்து பலகையைப் படித்துவிட்டு, கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடிப்போனார்கள். பழம் நன்றாக இருந்தது. உதவியாளர்களோடு பங்குபோட்டுச் சாப்பிட்டோம்.

இரண்டாவது மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் சரி என்றார். அழைப்பிதழ் அச்சாகி, கொடுத்தும் முடிந்தபிறகு ஒரு நாள், "நீங்க தோல் டாக்டரா மாறிக்கலாமே? தோலும் உடம்புலதானே இருக்கு" என்றார். மாட்டேன் என்றேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர்கள் மாட்டேன் என்றார்கள். எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் வாப்பா அழைப்பிதழ் கொடுத்த பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். இருநூறு வீடு. போன் போட்டுச் சொல்லுங்கள் என்றால் கேட்கவில்லை. நேரில் அழைத்ததை நேரில்தான் திருப்ப வேண்டுமாம். மூன்று நாளும் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் யாரும் வரவில்லை. முப்பத்து மூன்று வயதாயிற்று. உம்மா என்னை வீட்டில் மீந்துபோன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் லிஃப்ட் நின்றது.

ஸ்ட்ரெச்சரில் ஒருவரை மேல் மாடியிலிருந்து கீழே கொண்டுவந்துகொண்டிருந்தேன். உதவியாளர் இறங்கிப் படிவம் வாங்கப் போயிருந்தார். நடுவழியில் ஒரு குலுக்கு, விளக்கு அணைந்து எரிந்தது, அவ்வளவுதான். நானும் அவரும் மட்டும். பத்து நிமிஷம் கழித்து மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர்."

"பயப்படாதீங்க. இன்னொருத்தர் எப்படி இருக்கார்? மூச்சு விட சிரமப்படறாரா?"

"இல்ல. அவரு அதை நேத்தே நிறுத்திட்டாரு."

மேலே கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஓடிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு அந்தக் குரல், "அப்போ முதல்ல உங்களை எடுக்கறேன். அவருக்கு அவசரம் இருக்காதுல்ல?" என்றது.

கதவைக் கைகளால் பிளந்து, முழங்கைவரைக்கும் கிரீஸோடு ஒரு மனிதர் என்னை வெளியே இழுத்தார். பிறகு லிஃப்டை இறக்கி, ஸ்ட்ரெச்சரையும் தானே தள்ளிக்கொண்டு பிணவறைக்குள் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, "குழாய் சொட்டுதே, வாஷர் போயிருக்கு" என்றார். அங்கே வந்த ஆண்பிள்ளைகளில் குழாயைப் பார்த்த முதல் ஆள் இவர்தான். மறுநாள் வாஷரோடு வந்தார். அதற்கடுத்த வாரம் எந்தக் காரணமும் இல்லாமல் வந்தார். மூன்றாவது மாதம் அவர் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அந்த மாமியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உருண்டை முகம், தடித்த கண்ணாடி, விதவை. உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, மெதுவாக, "விஷம் குடிச்சா நகம் நீலமாயிடுமாமே, உண்மையா?" என்றார். நான் திடுக்கிட்டுப்போய், எல்லா விஷத்துக்கும் ஆகாது என்றேன். "அப்போ தூங்கறவங்க முகத்துல தலகாணி வெச்சு அமுக்கினா எப்படித் தெரியும்?" என்றார். அடுத்த தடவை வந்தபோது, தண்ணீரில் விழுந்து செத்ததற்கும் செத்தபிறகு தண்ணீரில் போட்டதற்கும் வித்தியாசம் கேட்டார். நடு நடுவே, "கைய எத்தனை தரம் கழுவுவே?" என்பதையும் நுழைத்தார்.

கோர்ட்டில் பன்னிரண்டு வக்கீல்களைச் சமாளித்தவள் நான். சிரித்த முகத்தோடு சுற்றிவளைத்துக் கேள்வி கேட்பவர் கடைசியில் எங்கே வந்து நிற்பார் என்று எனக்குத் தெரியும். இந்த அம்மாவும் ஒருநாள், "இதெல்லாம் நமக்கு எதுக்கும்மா, விட்டுடேன்" என்று வந்து நிற்பார் என்று மனதுக்குள் எழுதிவைத்துக்கொண்டேன்.

அதனால்தான் லிஃப்ட்காரரிடம் நேராகச் சொன்னேன். "நிக்காஹ் பதிவேட்டுல ஒரு நிபந்தனை எழுதணும். என் வேலைய யாரும் நிறுத்தச் சொல்லக் கூடாது, மாத்தச் சொல்லக் கூடாது. சொன்னா நான் பிரிஞ்சு போக உரிமை உண்டு. சம்மதமா?"

"எழுதுங்க."

"கோவம் வரலையா? உங்களை நம்பலைன்னு ஆகுதே."

அவர் தலையைச் சொறிந்தார். "லிஃப்டுக்குள்ள எட்டு பேர்னு எழுதி ஒட்டியிருக்கோம் இல்ல? ஏறுறவங்க எல்லாரும் நல்லவங்கதான். எழுதலைன்னா அந்த நல்லவங்க இருபது பேர் ஏறுவாங்க."

அந்த நிமிஷம் நான் விழுந்தேன். வாஷருக்கெல்லாம் விழவில்லை, இதற்குத்தான் விழுந்தேன் என்று பின்னால் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு நானும் வாப்பாவும் பள்ளிவாசல் அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் பதிவேட்டைத் திறந்து எங்கள் பக்கத்தைக் காட்டினார். அச்சடித்த கட்டங்கள். மணமகனுக்குப் பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், விலாசம். மணமகளுக்குப் பெயர், தகப்பனார் பெயர், வயது, அதற்கப்புறம் நேராகக் கன்னியா, விதவையா, தலாக் ஆனவரா.

"எனக்குத் தொழில் கட்டம் எங்க?" என்றேன்.

எழுத்தர் என்னை ஒரு தரம், பதிவேட்டை ஒரு தரம் பார்த்தார். "பொண்ணுங்களுக்கு அது கிடையாதும்மா. அச்சுலயே கிடையாது."

ஒன்பது வருஷம் படித்து, ஏழு வருஷம் அறுத்து, எழுநூறு ரிப்போர்ட் எழுதியவளைப் பற்றி இந்தப் புத்தகத்துக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதையும் அடைப்புக்குறிக்குள் கேட்கிறது. வாய்வரை வந்துவிட்டது. வாப்பா என் கையை அழுத்தினார், விழுங்கினேன். கடைசியில் 'நிபந்தனைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் தயாராக எழுதிக் கொண்டுபோன சீட்டை நீட்டினேன். எழுத்தர் அதை அந்தப் பக்கத்தின் மூலையில் குண்டூசியால் குத்திவைத்தார். கல்யாணத்தன்று மையால் எழுதிவிடுவதாகச் சொன்னார்.

வாப்பா வழியெல்லாம் பேசவில்லை. அவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நாற்பது வருஷம் எழுத்தராக இருந்தவர். ஒரு புள்ளியை அடித்தாலும் பக்கத்தில் கையெழுத்து கேட்கிற மனிதர். எழுதிக் கேட்பதில் அவர் மகள் நான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் அந்த மௌனத்தை நான் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாண நாள் காலையில் மண்டபத்தின் பெண்கள் அறையில் என்னை உட்காரவைத்தார்கள். சுற்றிலும் பல்பு வைத்த ஒரு கண்ணாடி, அதில் இரண்டு பல்பு எரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு சிணுங்கும் குழந்தை, மூலையில் ஆண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வரும் ஸ்பீக்கர். உம்மா என் காதில் கடைசி நிமிடப் பாடம் நடத்தினாள்.

"வாப்பாவும் சாட்சிங்களும் வந்து சம்மதம் கேப்பாங்க. தலைய குனிஞ்சுக்கோ. வாயத் திறக்காத. பேசாம இருந்தாலே சம்மதம்தான். அழுதா இன்னும் நல்லது."

"எதுக்கு அழணும்? எனக்குப் பிடிச்ச ஆளைத்தானே கட்டிக்கிறேன்?"

"பிடிச்சாலும் அழணும்டி. பொண்ணுன்னா கொஞ்சம் தண்ணி வரணும். உனக்கு ஃப்ரீஸர்ல இருந்து இருந்து எல்லாம் உறைஞ்சு போச்சு."

மாமி எனக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றேகாலுக்கு வாப்பா வந்தார். கூடவே சாட்சிகள் இரண்டு பேர், உம்மாவின் தம்பியான சின்ன மாமாவும் மாப்பிள்ளையின் அக்கா புருஷனும். பின்னால் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுத்தர். அறை அடங்கிற்று. வாப்பா என் பெயரைச் சொல்லி, மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, மாப்பிள்ளை தரும் மஹர் தொகையைச் சொல்லி, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். எழுத்தர் பதிவேட்டை என் மடியில் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தார்.

இந்த இடத்தில் என் வேலைப் பழக்கம் வந்து நின்றது. எங்கள் பிணவறையில் ஓர் உடலைக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று பேர் நிற்க வேண்டும், கால் விரலில் கட்டிய அட்டையையும் படிவத்தையும் சத்தமாகப் படிக்க வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், வயது. படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இங்கேயும் அதே மூன்று பேர், அதே பெயர், தகப்பனார் பெயர், வயது. சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். உம்மா என் தொடையைக் கிள்ளினாள். நிறுத்தவில்லை.

"நிபந்தனைகள்," என்று படித்தேன். "எதுவுமில்லை."

பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மூலையில் குண்டூசி குத்திய இரண்டு ஓட்டை இருந்தது. சீட்டு இல்லை.

"இங்க இருந்த சீட்டு எங்க?"

எழுத்தர் பேனா மூடியைத் திருகினார். "எடுத்துடச் சொன்னாங்க. ரெண்டு வீட்டுலயும் பேசி முடிச்சாச்சு, தேவையில்லன்னு..."

"யாரு சொன்னாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. நேராக மாமியைப் பார்த்தேன்.

"இதுக்குத்தானா மாமி ஆறு மாசமா சுத்திச் சுத்தி வந்தீங்க? நகம் நீலமாகுமா, தலகாணி வெச்சு அமுக்கினா தெரியுமா? நேரா சொல்லியிருக்கலாமே, பொணம் தொடுற கை வேண்டாம்னு. சிரிச்சு சிரிச்சுப் பேசிட்டு, பின்பக்கமா போய் சீட்டைப் பிடுங்கியிருக்கீங்க. உங்களை நல்லவங்கன்னு நினைச்சுட வேண்டியதுதான்னு இப்பதான் மனசைத் தயார் பண்ணிக்கிட்டிருந்தேன்."

நாற்பது பெண்கள் இருந்த அறையில் ஒரு குழந்தைகூட அழவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மாமியின் கண் நிறைந்துவிட்டது.

"நானா? நான் எந்தச் சீட்டையும் பாக்கவே இல்லம்மா," என்றார்.

"அவங்க இல்லம்மா," என்றார் எழுத்தர். தலையை நிமிர்த்தவே இல்லை. "நேத்து உங்க வாப்பாதான் போன் பண்ணினாரு."

பிரேதத்தைத் திறப்பதற்கு முன்பே காரணத்தை எழுதுவது எங்கள் தொழிலில் மகா பாவம். புதிதாக வருபவர்களை அதற்காக நானே திட்டித் தீர்த்திருக்கிறேன். சொந்தக் கல்யாணத்தில், நாற்பது சாட்சிகள் முன்னால், அதே பாவத்தைச் செய்து முடித்திருந்தேன்.

வாப்பாவைப் பார்த்தேன். புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையாமல் நின்றார். எழுதியதைக் கோடு போட்டு அடித்தால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் எழுதவே விடவில்லை. நாற்பது வருஷ அனுபவம்.

"ஏன் வாப்பா?"

"மாப்பிள்ளை நல்ல பையன்மா. அவரு தடுக்க மாட்டாரு. எழுதினா அதைச் சபையில படிக்கணும். முந்நூறு பேர் இருக்காங்க. யாராவது ஒருத்தன் எழுந்து, அது என்ன வேலை, ஏன் நிபந்தனைன்னு ஆரம்பிச்சா... ரெண்டு தடவை உடைஞ்சது போதும்னு நினைச்சேன்."

"என் வேலைய நாலு பேர் முன்னாடி சொல்ல உங்களுக்கு வெக்கமா இருக்கு. அதானே?"

"வெக்கம் இல்ல."

"ஏழு வருஷமா ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா? ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னு. எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடின்னு ஒருத்தருக்காவது சொல்லியிருக்கீங்களா?"

"வெக்கம் இல்லம்மா," என்றார் மறுபடியும். "பயம். இன்னொரு தடவை அந்தப் பட்டியலை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போக என் கால்ல தெம்பு இல்ல. போற எடத்துல எல்லாம் உனக்கு என்ன குறைன்னு கேட்டாங்க. என் புள்ளைக்கு ஒரு குறையும் இல்லன்னு இருநூறு வீட்டுல சொல்லிட்டு வந்தேன். ஒருத்தரும் நம்பல."

எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதே சமயம் அந்தப் பதிவேட்டைத் தூக்கி எறிய வேண்டும்போலவும் இருந்தது. மண்டபத்தில் நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. இப்போது நான் ஒரு 'ம்' போட்டால் போதும். 'ம்' கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். எனக்குப் பிடித்த ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வாப்பாவின் கால் தப்பிக்கும்.

"உனக்குச் சம்மதமாம்மா?" என்று வாப்பா இரண்டாவது தடவை கேட்டார். கேட்டதைவிடக் கெஞ்சியது என்று சொல்ல வேண்டும்.

"எழுதினா சம்மதம்," என்றேன். "எழுதலைன்னா இல்ல. நான் பேசாம இருந்தா அதைச் சம்மதம்னு எடுத்துப்பீங்க, அதனால சத்தமாவே சொல்றேன். இல்ல."

உம்மா "யா அல்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தாள். சின்ன மாமா, "ஒரு வரிக்காக ஒரு கல்யாணமா?" என்றார். ஒரு வரிதானே, எழுதிவிட்டுப் போனால் என்ன என்று அவரிடம் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பசி வேறு.

அப்போது மாமி எழுந்தார். நேராக வந்து என் முன்னால் நின்றார். கன்னத்தில் ஓர் அறைதான் விழப்போகிறது என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"சம்பந்தி, எழுதிடுங்க," என்றார் வாப்பாவிடம். "டிவில கொலைக் கேஸுன்னு காட்டுறதெல்லாம் பொய்யின்னு இந்தப் புள்ள சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவ வேலைய விட்டுட்டா எனக்கு யாரு வெவரம் சொல்லுவா? என் மகன்கிட்ட கேட்டா மோட்டாரு, கம்பிம்பான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தத் தலகாணி விஷயத்துக்கு நீ இன்னும் முழுசா பதில் சொல்லல."

"மன்னிச்சிடுங்க மாமி. அறுக்கறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் எழுதிட்டேன்."

"போகட்டும். என்னை அறுக்காம விட்டியே, அதுவே பெருசு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப்போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அம்மா ஆறு மாதமாகக் கேட்டது எல்லாம் நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான். எனக்கு வாய்த்த பெரிய மனிதர்களில் ஒருவரை எதிர்க்கட்சி வக்கீல் என்று எழுதி வைத்திருந்தேன்.

வாப்பா பதிவேட்டை என் மடியிலிருந்து எடுத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். எழுத்தர், "நான்தான் எழுதணும்" என்று பேனாவை எடுத்தார். "நான் வலீ, பொண்ணுக்குப் பொறுப்பாளி. என் கையாலயே இருக்கட்டும்," என்றார் வாப்பா. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். 'எதுவுமில்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு நான் சீட்டில் எழுதியிருந்ததை, சீட்டு இல்லாமலே, ஒரு சொல் மாறாமல் எழுதினார். சட்ட மருத்துவர் பணியைத் தொடர்வார், தடுக்கக் கூடாது, மாற்றச் சொல்லவும் கூடாது, உரிமை உண்டு. அதை எத்தனை தடவை படித்திருந்தால் இப்படி மனப்பாடம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன்.

பதிவேடு மறுபடி என் மடிக்கு வந்தது. முழுக்கச் சத்தமாகப் படித்தேன். இந்தத் தடவை உம்மா கிள்ளவில்லை.

"உனக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதம் வாப்பா."

கையெழுத்துப் போட்டேன். பழக்கதோஷத்தில் பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிட்டேன். 11.42. எழுத்தர் அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அவர்கள் போனார்கள். பெண்கள் எல்லாரும் ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்தார்கள். எழுத்தர் படிப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஸ்பீக்கரில் வந்தது வாப்பாவின் கனைப்பு. மாப்பிள்ளை பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்று படித்தார். என் பெயரைப் படித்தார். தன் பெயரைப் படித்தார். வயதைப் படித்தார். அடுத்த கட்டம் எது என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொழில்," என்றார் வாப்பா. "டாக்டர்."

அப்படி ஒரு கட்டமே அந்தப் புத்தகத்தில் இல்லை. உம்மாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

சபையில் எங்கேயோ பின்னாலிருந்து ஒரு குரல், மைக் இல்லாமலே கேட்டது. ஒவ்வொரு கல்யாணத்திலும் இப்படி ஒரு ஆள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். "எந்த டாக்டருங்க?"

ஸ்பீக்கரில் வாப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. சொல்லிவிடுவார், எல்லாருக்கும்தான் என்று சொல்லிவிடுவார் என்று நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொணவறை டாக்டர்," என்றார் வாப்பா. "பெரிய ஆஸ்பத்திரி, கீழ்த்தளம், லிஃப்டுக்கு இடது பக்கம். செத்தவங்க எப்படிச் செத்தாங்கன்னு சொல்ற டாக்டர். என் மக. யாருக்காவது கஷ்டமா இருந்தா இப்பவே எழுந்து போகலாம். சாப்பாடு தயாரா இருக்கு, சாப்பிட்டுட்டே போங்க."

ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்கூட வரவில்லை. வாப்பா நிபந்தனையைப் படித்தார், அவருடைய பழைய ஆபீஸ் குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. படித்து முடித்ததும் மாப்பிள்ளை, "ஏத்துக்கிட்டேன்" என்றார்.

"இருங்க தம்பி," என்றார் ஹஜ்ரத். "நான் இன்னும் கேக்கவே இல்ல."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பெண்கள் அறை சிரித்தது. மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நான் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, மூக்கு ஒழுக, போட்ட மையெல்லாம் கன்னத்தில் வழிய அழுதுகொண்டிருந்தேன். உம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அழு," என்றாள். அவள் குரலும் உடைந்திருந்தது. "நல்லா அழு. இப்பதான் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க."